ரீசெட்டுக்கும் ஹால்ட்டுக்கும் நடுவே 300 மில்லிவினாடி

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது வாடிக்கையாளரிடமிருந்து ஒரு பெட்டி திரும்பி வந்தது. உள்ளே பதினோரு போர்டு. கரண்ட் கொடுத்தால் ஒவ்வொன்றிலும் மஞ்சள் எல்இடி கண்சிமிட்டுகிறது. கரண்ட் வந்ததும் முதலில் ஓடும் சிறு நிரலான பூட்லோடர் எழுந்துவிட்டது, ஆனால் அதற்கு மேலே ஓட வேண்டிய ஃபர்ம்வேர், அதாவது போர்டின் முக்கிய மென்பொருள், சரியில்லாததால் காத்துக்கொண்டிருக்கிறது என்று அதற்கு அர்த்தம். சீரியல் நம்பரைப் போட்டு எங்கள் லாகில் தேடினேன். பதினொன்றும் "பாஸ்". எங்கள் ஜிக்கில், அதாவது போர்டை வைத்துச் சோதிக்கும் சாதனத்தில், பச்சை விளக்கு எரிந்து, ஸ்டிக்கர் ஒட்டி, பெட்டிக்குள் போன போர்டுகள்.

நான் இருப்பது பினாங்கில், சுங்கை ஆரா பக்கம் ஒரு சின்ன பட்டறையில். 1972-இல் பாயான் லெப்பாஸில் சுதந்திர வர்த்தக வளாகம் தொடங்கிய அதே வருஷம் இன்டெல் இங்கே வந்தது. அமெரிக்காவுக்கு வெளியே அவர்கள் போட்ட முதல் ஆலை அது. அப்புறம் ஒன்றன்பின் ஒன்றாக வந்த பெரிய ஆலைகளைச் சுற்றி எங்களைப் போல நூற்றுக்கணக்கான சிறு பட்டறைகள் முளைத்தன. நாங்கள் செய்வது ஜிக் வேலை. போர்டை வைத்து மூடினால் ஊசிகள் கீழிருந்து தொடும், ரிலே கரண்டைக் கொடுக்கும், ஃபர்ம்வேர் ஏறும், விளக்கு எரியும். அந்த விளக்கு பொய் சொன்னால் எங்களுக்கு விற்க வேறு சரக்கு கிடையாது. அதனால்தான் அந்தப் பதினோரு போர்டைப் பார்த்ததும் எனக்கு வயிறு கலங்கியது.

ஃபர்ம்வேர் ஏற்ற நாங்கள் பயன்படுத்துவது ஓப்பன்ஓசிடி. தெரியாதவர்களுக்காக: சிப்புக்குள் இருக்கும் டீபக் வாசல் வழியாக நுழைந்து, நிரலை ஓட்டும் பகுதியான கோரை நிறுத்தி, மெமரியைப் படித்து, ஃப்ளாஷில் எழுதும் திறந்தமூல மென்பொருள் இது. டொமினிக் ராத் என்பவர் ஜெர்மனியில் ஆக்ஸ்பர்க் நகரத்துக் கல்லூரியில் பட்ட ஆய்வாகச் செய்தது, 2005-இல். பின்னால் இதற்குள் ஜிம் டிசிஎல் என்ற குட்டி மொழியைப் பொருத்தினார்கள். ரெடிஸ் டேட்டாபேஸை எழுதிய சல்வத்தோரே சான்ஃபிலிப்போதான் ஜிம்மையும் முதலில் எழுதியவர். ஆக, நாம் கொடுக்கும் ஒவ்வொரு கட்டளையும் ஒரு டிசிஎல் வரி. டெல்நெட்டில் 4444 போர்ட்டில் உட்கார்ந்து அடிக்கும் வரியும், கான்ஃபிக் ஃபைலில் எழுதும் வரியும், ரீசெட் நடக்கும்போது உள்ளே ஓடும் ஸ்கிரிப்டும் எல்லாம் ஒரே மொழி. இதை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் இந்த வசதியே கவனமில்லாதவன் கையில் எப்படி எல்லாவற்றையும் மூடி மறைக்கும் என்பதை அந்தப் பதினோரு போர்டு காட்டிக்கொடுத்தது.

ஜிக்கின் ஸ்கிரிப்ட் எங்களுக்கு முன்னால் வேறொருவர் எழுதியது, நாங்கள் எடுத்துக்கொண்டோம். அதன் உயிர்நாடி மூன்று வரி. "ரீசெட் ரன்", அப்புறம் "ஸ்லீப் 300", அப்புறம் "ஹால்ட்". அதாவது போர்டை ரீசெட் செய்து ஓடவிடு, 300 மில்லிவினாடி பொறு, பிறகு நிறுத்து. அதன் கீழே ஃப்ளாஷில் எழுதும் வரி, சரிபார்க்கும் வரி, கடைசியில் "ஷட்டவுன்". ஒவ்வொரு வரியையும் "கேட்ச்" என்ற சொல்லுக்குள் சுற்றி வைத்திருந்தார்கள். டிசிஎல்லில் கேட்ச் என்றால் உள்ளே என்ன தவறு நடந்தாலும் ஸ்கிரிப்டை நிறுத்தாதே, தவறு நடந்தது என்று ஒரு எண்ணாகத் திருப்பிக் கொடு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அர்த்தம். திரும்பி வந்த அந்த எண்ணை ஸ்கிரிப்டில் ஒருவரும் பார்க்கவில்லை.

ஏன் அப்படி எழுதியிருப்பார்கள் என்று எனக்குப் புரிகிறது. என்றைக்கோ ஒரு நாள் ஹால்ட் அவ்வப்போது எரர் கொடுத்திருக்கும், லைன் நின்றிருக்கும், சூப்பர்வைசர் பின்னால் வந்து நின்றிருப்பார், ஒரு கேட்ச் போட்டதும் லைன் ஓடியிருக்கும். அந்த அழுத்தத்தில் நானும் இருந்திருக்கிறேன். ஆனால் விளைவைப் பாருங்கள். எழுதுவது தோற்றது, சரிபார்ப்பதும் தோற்றது, இரண்டு எரரும் கேட்சுக்குள் அமுங்கிப்போயின, கடைசி வரியில் ஷட்டவுன் நல்லபடியாக ஓடியது, ஓப்பன்ஓசிடி சுழியம் என்ற எக்ஸிட் கோடோடு, அதாவது எல்லாம் சரி என்று சொல்லும் எண்ணோடு, வெளியே வந்தது. ஜிக்கின் கம்ப்யூட்டர் பார்ப்பது அந்தச் சுழியத்தை மட்டும்தான். பச்சை.

எரர் ஏன் மறைந்தது என்பது ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிட்டது. எழுதுவது ஏன் தோற்றது என்பதற்கு நான்கு நாள் ஆனது. என் மேசையில் வைத்து எத்தனை தடவை செய்தாலும் அந்தப் போர்டுகளில் ஃபர்ம்வேர் ஒழுங்காக ஏறியது. கேபிளை மாற்றினேன், வேகத்தைக் குறைத்தேன், அடாப்டரை மாற்றினேன். ஜிக்கில் வைத்தால் சில போர்டு தோற்கும், மேசையில் வைத்தால் எல்லாம் சரி.

முடிச்சை அவிழ்த்தது லைனில் வேலை செய்யும் அக்கா. பிறையிலிருந்து தினமும் ஃபேக்டரி பஸ்ஸில் பாலம் தாண்டி வருகிறவர், அந்த ஜிக்கை என்னைவிட அதிகமாகத் தொட்டவர். நான் ஜிக்கின் பக்கத்தில் குந்திக்கொண்டு கேபிளை முறைத்துக்கொண்டிருந்தபோது சொன்னார்: "தம்பி, பழைய போர்டுல மூடினதும் டக்குனு ஒரு சத்தம் கேக்கும், அப்புறந்தான் மஞ்சள் லைட் வரும். இந்தப் புதுப் பெட்டியில வந்த போர்டுல சத்தமும் லைட்டும் ஒண்ணாவே வருது. நீங்க பாக்கலியா?" நான் பார்க்கவில்லை. டக் என்பது ரிலே. மஞ்சள் லைட் பூட்லோடர் எழுந்ததும் முதலில் செய்யும் வேலை. இரண்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி குறைந்திருக்கிறது என்றால் போர்டு முன்பைவிடச் சீக்கிரமாக ரீசெட்டிலிருந்து வெளியே வருகிறது.

ஆசிலோஸ்கோப்பை எடுத்து சிப்பின் ரீசெட் காலில் வைத்தேன். பழைய போர்டில் சுமார் 240 மில்லிவினாடி. புதுப் பெட்டிப் போர்டில் 160.

அந்தப் போர்டில் ரீசெட் காலுக்கு முன்னால் ஒரு சூப்பர்வைசர் சிப் உட்கார்ந்திருக்கிறது. கரண்ட் வந்ததும், அல்லது யாராவது ரீசெட் கோட்டை இழுத்து விட்டதும், உடனே சிப்பை விடாமல் கொஞ்ச நேரம் பிடித்து வைத்திருப்பது அதன் வேலை, மின்னழுத்தம் நிலைப்படட்டும் என்று. எவ்வளவு நேரம் என்பதற்கு டேட்டாஷீட்டில் ஒரு எண் இல்லை, ஒரு வரம்புதான் இருக்கிறது. எங்கள் வகைக்கு குறைந்தது 140, அதிகபட்சம் 560. வாங்கும் பிரிவு இடையில் வேறொரு தயாரிப்பாளரின் ஈடான பாகத்தை வாங்கியிருக்கிறது. 160-ம் சரிதான், 240-ம் சரிதான், இரண்டும் வரம்புக்குள்ளே. பாகத்தின் மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. குற்றம் "ஸ்லீப் 300" என்ற வரியில்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பழைய போர்டில் ரீசெட்டை விட்டு 240-இல் கோர் எழுந்தது, 300-இல் நாம் நிறுத்தினோம். பூட்லோடருக்கு ஓடக் கிடைத்தது 60 மில்லிவினாடி. புதுப் போர்டில் 140. பூட்லோடர் தன் சோதனைகளை முடித்து வாட்ச்டாக் என்ற காவல் டைமரைத் தொடங்குவது சுமார் 80-இல். ஆக பழைய போர்டில் வாட்ச்டாக் தொடங்குவதற்குள் நாம் நிறுத்திவிட்டோம், புதுப் போர்டில் தொடங்கியபின் நிறுத்துகிறோம். எங்கள் சிப் எஸ்டிஎம்32எஃப்4 வகை. அதன் தனி வாட்ச்டாகை ஒரு தடவை தொடங்கிவிட்டால் மென்பொருளால் நிறுத்தவே முடியாது, ரீசெட் ஒன்றுதான் வழி. 32 கிலோஹெர்ட்ஸ் உள் ஆசிலேட்டரில் தன்பாட்டுக்கு எண்ணிக்கொண்டே இருக்கும், குறித்த நேரத்தில் யாரும் வந்து தட்டாவிட்டால் சிப்பையே ரீசெட் செய்துவிடும். சூப்பர்வைசர் 300-க்கு மேல் பிடித்து வைத்திருக்கும் போர்டு வந்திருந்தால் கதை இன்னொரு விதமாகத் திரும்பியிருக்கும். ஹால்ட் போய்ச் சேரும்போது சிப் இன்னும் ரீசெட்டுக்குள்ளேயே இருந்திருக்கும்.

சரி, நிறுத்திவிட்டோமே, நின்ற சிப்பில் வாட்ச்டாக் எப்படிக் கடிக்கும் என்று கேட்பீர்கள். நானும் அங்கேதான் மாட்டிக்கொண்டிருந்தேன். ஓப்பன்ஓசிடியோடு வரும் இந்த வகைக்கான டார்கெட் ஃபைலில், சிப்பைப் பரிசோதித்து முடித்ததும் ஓடும் "எக்ஸாமின்-எண்ட்" நிகழ்வில், கோர் நின்றிருக்கும்போது வாட்ச்டாகையும் நிறுத்தி வை என்று டீபக் ரெஜிஸ்டரில் இரண்டு பிட்டைப் போடும் வரி இருக்கிறது. அதனால் மேசையில் டீபக் செய்யும்போது வாட்ச்டாக் என்று ஒன்று இருப்பதே நம் கண்ணில் படாது. ஆனால் அந்த உறக்கம் கோர் நின்றிருக்கும் வரைக்கும்தான். ஃப்ளாஷில் எழுதும்போது ஓப்பன்ஓசிடி என்ன செய்கிறது தெரியுமா? ஒரு சின்ன லோடர் நிரலை ரேமில் இறக்கி, அந்தக் கோரையே ஓடவிட்டு, அதைக் கொண்டு எழுதுகிறது, வேகத்துக்காக. கோர் ஓடுகிறது, வாட்ச்டாகும் விழித்துக்கொள்கிறது. பெரிய ஃபர்ம்வேர், எழுதப் பல வினாடி. பூட்லோடர் வாட்ச்டாகுக்குக் கொடுத்திருந்தது இரண்டே வினாடி. பாதி எழுதும்போது சிப் ரீசெட் ஆகி, லோடர் காணாமல்போய், பூட்லோடர் திரும்ப எழுந்து, பாதி ஃபர்ம்வேரைப் பார்த்து மஞ்சள் லைட்டைச் சிமிட்டத் தொடங்கியது.

மேசையில் ஏன் சரியாக ஏறியது என்பதற்கும் இதுதான் பதில். மேசையில் நான் ஜிக் ஸ்கிரிப்டைப் பயன்படுத்தவில்லை. பழக்கத்தில் "ரீசெட் இனிட்" என்று அடித்துவிட்டு எழுதிக்கொண்டிருந்தேன்.

இந்த இரண்டு கட்டளைக்கும் உள்ள வித்தியாசத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஓப்பன்ஓசிடியைப் பல வருஷமாகப் பயன்படுத்துகிறவர்கள்கூட ரீசெட் என்பதை ஒரு பொத்தானை அமுக்குவதுபோல நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது உள்ளே ஒரு டிசிஎல் ஸ்கிரிப்ட். "ஓசிடி ப்ராசஸ் ரீசெட்" என்று பெயர், மூலநிரலில் டார்கெட் அடைவில் ஸ்டார்ட்டப் ஃபைலில் இருக்கிறது, யாரும் திறந்து படிக்கலாம், படிக்க வேண்டும். முதலில் ஒவ்வொரு டார்கெட்டுக்கும், அதாவது இணைத்திருக்கும் ஒவ்வொரு சிப்புக்கும், "ரீசெட்-ஸ்டார்ட்" நிகழ்வு. அப்புறம் டீபக் இணைப்பைச் சுத்தமாக்குவது. பிறகு ரீசெட் கோட்டை இழுப்பதற்கு முன் ஒரு நிகழ்வு, இழுத்தபின் ஒன்று, விடுவதற்கு முன் ஒன்று, விட்டபின் ஒன்று. ஹால்ட் கேட்டிருந்தால், நிற்கிறதா என்று ஒரு வினாடி வரை காத்திருக்கும். இனிட் கேட்டிருந்தால் நின்றபிறகு "ரீசெட்-இனிட்" நிகழ்வு. எல்லாம் முடிந்து "ரீசெட்-எண்ட்".

ஹால்ட்டும் இனிட்டும் எப்படி நிறுத்துகின்றன என்பதுதான் அழகு. கார்டெக்ஸ்-எம் கோரில் வெக்டர் கேட்ச் என்று ஒரு வசதி உண்டு. டீபக் ரெஜிஸ்டரில் ஒரு பிட்டை முன்கூட்டியே போட்டு வைத்தால், கோர் ரீசெட்டிலிருந்து வெளியே வந்ததும் முதல் இன்ஸ்ட்ரக்ஷன் ஓடுவதற்கு முன்பே தானாக நின்றுவிடும். நாம் ஓடிப்போய்ப் பிடிக்க வேண்டியதில்லை, வாசலிலேயே தடுப்பு போட்டிருக்கிறது. சூப்பர்வைசர் 140 எடுத்துக்கொண்டாலும் 560 எடுத்துக்கொண்டாலும் கோர் நிற்கும் இடம் ஒன்றுதான். பூட்லோடருக்கு ஒரு இன்ஸ்ட்ரக்ஷன்கூட ஓடக் கிடைக்காது, வாட்ச்டாக் பிறக்கவே பிறக்காது. "ரீசெட் ரன், ஸ்லீப், ஹால்ட்" என்பது பஸ்ஸைக் கிளம்பவிட்டுப் பின்னால் ஓடிப் பிடிப்பது மாதிரி. எத்தனை நாள் பிடித்திருந்தாலும் டிரைவர் மாறினால் போச்சு.

அந்த ஒரு வினாடி காத்திருப்புக்கு மேலே மூலநிரலில் ஒரு குறிப்பு இருக்கிறது. ரீசெட் கோடு மெதுவான ரெசிஸ்டர், கெப்பாசிட்டர் சுற்றோடு சேர்ந்திருக்கலாம், சார்ஜ் ஆக நேரம் பிடிக்கலாம், அதனால்தான் ஒரு வினாடி என்று. அதைப் படித்தபோது எனக்கு ரொம்பவே மனம் நெகிழ்ந்தது. எங்கோ ஒருவர், தான் பார்க்கவே போகாத ஒரு போர்டில் ரீசெட் தாமதமாகலாம் என்று யோசித்து, எண்ணோடு காரணத்தையும் எழுதிவைத்திருக்கிறார். எங்கள் ஸ்கிரிப்டின் 300-க்குப் பக்கத்தில் ஒரு சொல்லும் இல்லை.

இன்னொன்றும் உண்டு. வெறும் "ரீசெட்" என்று அடித்தால் அது "ரீசெட் ரன்". நிறுத்தும் என்று எதிர்பார்த்து வெறும் ரீசெட் அடிக்கும் இளைஞர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். எங்கள் பட்டறையில் இப்போது ஸ்கிரிப்டில் வெறும் ரீசெட் எழுதக்கூடாது, எது வேண்டுமோ அதைச் சேர்த்தே எழுத வேண்டும் என்று வைத்திருக்கிறோம்.

ஸ்கிரிப்டைத் திருத்துவது என்று உட்கார்ந்தபிறகு ஒன்று இழுக்க ஒன்று வந்தது. எங்கள் போர்டு ஃபைலில் ஒரு ரீசெட்-இனிட் நிகழ்வு எழுதியிருந்தோம், வெளி மெமரியைத் தயார்செய்ய. ஆனால் ரீசெட் இனிட்டுக்குப் பிறகு எல்லாம் ஆமை வேகத்தில் நடந்தது. ஏன்? டார்கெட் ஃபைலிலும் ஏற்கெனவே ஒரு ரீசெட்-இனிட் இருக்கிறது. அது சிப்பின் கடிகாரத்தை 64 மெகாஹெர்ட்ஸுக்கு ஏற்றி, டீபக் வேகத்தை 8000 கிலோஹெர்ட்ஸுக்கு உயர்த்துகிறது. ஒரே நிகழ்வுக்கு இரண்டு தடவை ஸ்கிரிப்ட் கொடுத்தால் இரண்டும் ஓடாது. பின்னது முன்னதை அழித்துவிடும், சத்தமே இல்லாமல். கையேட்டில் இதைச் சொல்லியிருக்கிறார்கள், நாங்கள்தான் படிக்கவில்லை. ஆனாலும் இந்த இடத்தில் கருவி ஒரு எச்சரிக்கை வரி கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வேண்டுமென்றே மாற்றி எழுதுகிறவருக்கு அந்த ஒரு வரியால் நஷ்டமில்லை, தெரியாமல் அழிப்பவருக்கு அது ஒரு நாள் வேலையை மிச்சப்படுத்தும். இப்போதைக்கு எங்கள் வழி, பழைய ஸ்கிரிப்டில் செய்த வேலைகளை ஒரு ப்ரொசீஜராகப் பிரித்து வைத்து, புது நிகழ்வின் முதல் வரியில் அதைக் கூப்பிடுவது.

நிகழ்வை எழுதும்போது வளைந்த அடைப்புக்குறியா இரட்டை மேற்கோளா என்பதும் விளையாட்டில்லை. அடைப்புக்குறிக்குள் எழுதினால் உள்ளே இருக்கும் மாறிகள் ரீசெட் நடக்கும் நேரத்தில்தான் மதிப்பிடப்படும். மேற்கோளுக்குள் எழுதினால் ஃபைல் படிக்கப்படும் நேரத்திலேயே மதிப்பு உறைந்துவிடும். இரண்டு போர்டு வைக்கும் ஜிக்கில் நாங்கள் அடைப்புக்குறிக்குள் எழுதியிருந்தோம், ரீசெட் நடக்கும்போது மாறியில் இரண்டாவது டார்கெட்டின் பெயர் இருந்தது, முதல் போர்டின் நிகழ்வு இரண்டாவதைத் தொட்டது.

அப்புறம் எங்கள் சொந்தக் கட்டளை. ரிலேயை இயக்க ஓப்பன்ஓசிடிக்குள்ளேயே "ஜிக் பவர்" என்று ஒரு கட்டளையை சி மொழியில் சேர்த்திருந்தோம். ஆன் அல்லது ஆஃப், கூடவே எத்தனை மில்லிவினாடி பொறுக்க வேண்டும் என்ற எண். அதை எழுதியது நான். ஆன் என்று இருந்தால் கரண்ட் கொடு, வேறு எது வந்தாலும் கரண்டை நிறுத்து என்று எழுதியிருந்தேன். முதல் எழுத்து பெரிதாக இருந்தால்கூட கரண்ட் போய்விடும். எண்ணை சி மொழியின் பழைய ஏடிஓஐ ஃபங்ஷனால் படித்திருந்தேன். அது எண் போலத் தெரியும் வரை படிக்கும், மீதியைத் தள்ளிவிடும், புகார் சொல்லாது. யாரோ 600 என்று அடிக்கும்போது சுழியத்துக்குப் பதில் ஓ என்ற ஆங்கில எழுத்தை இரண்டு தடவை அடித்திருக்கிறார்கள். திரையில் வித்தியாசமே தெரியாது. அது 6 ஆகப் போனது. 600 மில்லிவினாடி பொறுக்க வேண்டிய இடத்தில் 6.

ஓப்பன்ஓசிடியில் இதற்கு முறையான வழி வெகுகாலமாக இருக்கிறது. "கமாண்ட் பார்ஸ் நம்பர்" என்ற மேக்ரோவைப் பயன்படுத்தினால் எண்ணுக்குப் பின்னால் ஒரு எழுத்து ஒட்டியிருந்தாலும் கட்டளையே தோற்கும், வகைக்குள் அடங்காத பெரிய எண் வந்தாலும் தோற்கும். அளவுக்கு மேல் அல்லது குறைவாகச் சொற்கள் வந்தால் "சின்டாக்ஸ் எரர்" என்ற கோடைத் திருப்பினால் போதும், கட்டளையை எப்படி எழுத வேண்டும் என்பதைக் கருவியே அச்சிட்டுக் காட்டும், அதற்காகத்தான் கட்டளையைப் பதிவுசெய்யும்போது பயன்பாட்டு வரியை எழுதச் சொல்கிறார்கள். அதிலும் ஒரு கண்ணி உண்டு. இந்த மேக்ரோ சி மொழி வழக்கப்படி எண்ணின் அடிமானத்தைத் தானே ஊகிக்கும். முன்னால் சுழியம் போட்டு 0600 என்று எழுதினால் அதை எட்டை அடிமானமாகக் கொண்ட எண்ம முறையில் படித்து 384 என்று எடுத்துக்கொள்ளும். அதனால் எங்கள் கட்டளையில் வரம்பையும் சோதிக்கிறோம்: 560-க்குக் குறைவாக எது வந்தாலும் மறுப்பு.

கட்டளை என்ன சொல்கிறது என்பதும், எங்கே சொல்கிறது என்பதும் முக்கியம். நான் முதலில் எல்லாவற்றையும் லாகில் எழுதிக்கொண்டிருந்தேன். லாக் என்பது மனிதர்கள் படிக்க. "கமாண்ட் ப்ரிண்ட்" வழியாக எழுதினால் அதுவே கட்டளையின் மதிப்பாக டிசிஎல்லுக்குத் திரும்பும். ஸ்கிரிப்ட் அதை ஒரு மாறியில் வாங்கிச் சோதிக்கலாம். ரிலே உண்மையில் மூடியதா என்று திரும்பப் படித்த விடையை லாகில் மட்டும் எழுதிக்கொண்டிருந்தவரை, ஸ்கிரிப்டுக்கு அது தெரிய வழியே இருக்கவில்லை.

கட்டளைக்கு எப்போது அனுமதி என்பதிலும் தவறியிருந்தேன். ஓப்பன்ஓசிடியில் சில கட்டளைகள் "இனிட்" ஓடுவதற்கு முன் மட்டும் செல்லும், சில அதற்குப் பின் மட்டும், சில எப்போதும். என் கட்டளையைப் பின் மட்டும் என்று பதிவுசெய்திருந்தேன். ஆனால் இனிட் ஓடும்போதுதான் கருவி சிப்பைத் தேடுகிறது, கரண்ட் இல்லாத போர்டில் எதைத் தேடும்? அதனால் முதல் இனிட் எப்போதும் தோற்க, அப்புறம் கரண்ட் கொடுத்து இன்னொரு தடவை பரிசோதிப்பது என்று சுற்றி வளைத்துக்கொண்டிருந்தோம். அந்தத் தோல்வியை மறைக்கவும் ஒரு கேட்ச்! எப்போதும் செல்லும் என்று மாற்றியதும் அந்தக் கேட்சும் போனது, அதைத் தாங்க எழுதியிருந்த பதினைந்து வரியும் போனது.

கேட்சே கூடாது என்று நான் சொல்லவில்லை. இப்போது ஸ்கிரிப்டில் ஒரே ஒரு கேட்ச் இருக்கிறது, எல்லாவற்றுக்கும் வெளியே. உள்ளே எது தோற்றாலும் எரர் அங்கே வந்து சேரும். அந்த இடத்தில் எந்தப் படியில் தோற்றது என்று ஒரு வரி எழுதி, கரண்டை நிறுத்தி, "ஷட்டவுன் எரர்" கொடுக்கிறோம். அந்த எரர் என்ற ஒரு சொல் சேர்ந்தால் எக்ஸிட் கோட் சுழியமாக இருக்காது. சிவப்பு.

அந்த ஒரு வரியை எப்படி எழுதுவது என்று அக்காவிடம்தான் கேட்டேன். பகல் சாப்பாட்டு நேரத்தில் கேன்டீனில் உட்கார்ந்து, பழைய எரர் வரிகளை அச்செடுத்துக் காட்டினேன். அவர் ஒன்றைப் பார்த்து, "டார்கெட் நாட் ஹால்ட்டட்னா நான் என்னா செய்யணும் தம்பி? இன்னொரு வாட்டி மூடணுமா, இல்ல ஒதுக்கி வைக்கணுமா?" என்றார். நான் எழுதிய எந்த எரர் வரியிலும் அதற்குப் பதில் இல்லை. இப்போது வரியில் இரண்டு பகுதி இருக்கிறது. முதலில் லைனில் நிற்பவருக்கு, மலாயில், என்ன செய்ய வேண்டும் என்று. திரும்ப மூடு, அல்லது சிவப்புத் தட்டில் வை, அல்லது டெக்னீஷியனைக் கூப்பிடு. அதன்பின் எனக்கு, எந்தப் படி, கருவி சொன்ன மூல எரர் என்ன என்று. ஊசி சரியாகத் தொடாததற்கும் சிப் நிற்காததற்கும் வேறு வேறு வரி, ஏனென்றால் இரண்டுக்கும் கைகள் செய்ய வேண்டிய வேலை வேறு.

பதினோரு போர்டையும் திரும்ப ஏற்றி அனுப்பினோம். அந்தப் புதுப் பெட்டியில் வந்த எல்லா போர்டுகளையும் கிடங்கிலிருந்து எடுத்து ஒவ்வொன்றாக இன்னொரு தடவை ஜிக்கில் வைத்தோம். அக்காவும் இன்னும் இரண்டு பேரும் தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை ஓவர்டைம் செய்தார்கள். லிட்டில் இந்தியாவில் லெபு பாசார் பக்கம் துணி எடுக்கப் போக வேண்டிய நாள் அது. முறுக்கு மாவு வீட்டில் காத்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டே அக்கா கடைசிப் போர்டு வரை நின்றார்.

இப்போது அந்த ஸ்கிரிப்டில் ஸ்லீப் என்று தேடினால் ஒரே ஒரு இடம் வரும். ரிலே மூடியபின், இனிட்டுக்கு முன், 600. அதன் மேலே மூன்று வரி குறிப்பு எழுதியிருக்கிறேன்: சூப்பர்வைசர் பாகத்தின் அதிகபட்ச நேரம் 560 என்பதும், அந்த எண் டேட்டாஷீட்டின் எந்த அட்டவணையிலிருந்து வந்தது என்பதும், பாகம் மாறினால் யார் வந்து இந்த வரியைப் பார்க்க வேண்டும் என்பதும். வாங்கும் பிரிவின் பாகப் பட்டியலிலும் அந்தச் சூப்பர்வைசருக்கு நேரே இந்த ஃபைலின் பெயரை எழுதச் சொல்லிவிட்டேன்.